உன் வாயில் அழகான பேச்சு

இன்று காலை தேனி பஸ்ஸில், சின்னமனூரில் ஏறிய ஒருவர் பன்னீர் திராட்சைப் பெட்டி ஒன்றை என் காலடியில் வைத்தார். மேலே போட்டிருந்த செய்தித்தாளையும் மீறி அந்த மணம் பஸ் முழுக்க ஏறியது. பக்கத்திலிருந்தவர்கள் மூச்சை இழுத்து ரசித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் எனக்கு அது திராட்சை மணம் இல்லை, உன் வீட்டு மணம்.

தொண்ணூற்றெட்டில், மதுரையில் நாம் எம்.பி.ஏ. சேர்ந்த முதல் நாள். ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் பேச, நீ மட்டும், "எங்க அப்பா கம்பத்துல திராட்சத் தோட்டம் வச்சிருக்காக. படிச்சுட்டு நானும் அங்கனதேன் வருவேன்னு நெனைக்காக. நான் போகமாட்டேன்" என்றாய். வகுப்பே சிரித்தது. உன்னைப் பார்த்து அல்ல, உன்னோடு சேர்ந்து. "இந்தப் பொண்ணுகிட்ட ஒரு இயல்பு இருக்கு" என்றார் பேராசிரியர்.

அடுத்து நான். என் அம்மா விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, குமுளி மலையேறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். நானோ எங்கள் குடும்பம் எஸ்டேட் தொழிலில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீ சட்டென்று திரும்பிப் பார்த்தாய். நீயும் கம்பம், நானும் கம்பம்; என் அம்மா ஜீப்புக்கு நிற்கும் இடத்தை நீ அறிவாய்.

அன்று விடுதியில் கேட்டாய். "எதுக்கு புள்ள அப்பிடிச் சொன்ன? ஒங்க அம்மா எம்புட்டுக் கஷ்டப்பட்டுப் படிக்க வைக்காக. அதச் சொன்னா என்ன கொறஞ்சு போகும்?"

"ஒனக்கென்ன, சொல்லுவ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசி வருடம் ஆள் எடுக்க ஒரு கம்பெனியிலிருந்து வந்தார்கள். நீ உள்ளே போனதும் உன் ஊர்ப்பேச்சும் அதற்கு அவர்கள் சிரிப்பதும் வெளியே கேட்டன. வேலையோடு வெளியே வந்தாய். அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. நானும் என் பேச்சையே பேசிப் பார்க்கிறேன் என்று, மாதக்கணக்கில் பழகிய ஆங்கிலத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். "எங்க ஊர்லயிருந்து நெறையப் பேரு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போறாக சார்" என்று தொடங்கினேன். நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். "கம்யூனிகேஷன் போதாதும்மா. இந்தப் பேச்சை மொதல்ல மாத்திக்கோ."

ஒரே ஊர். ஒரே பேச்சு. உன் வாயில் வந்தால் அழகு, என் வாயில் வந்தால் குறை. உன் பேச்சுக்குப் பின்னால் கான்வென்ட் ஆங்கிலமும், ஏழு ஏக்கர் தோட்டமும், ஊரில் உன் அப்பாவுக்கு எழுந்து நிற்பவர்களும் இருந்தார்கள். என் பேச்சுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து உன்மேல் எனக்கு வந்த பொறாமை, நட்பு என்ற பெயரில்தான் என்னோடு இருந்தது.

இரண்டே வருடத்தில் அந்த வேலையை விட்டுவிட்டுப் பெங்களூரில் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாய். கிடைத்த வேலையைத் தூக்கிப் போடவும் வசதி வேண்டுமே என்று அதற்கும் எரிந்தேன். நான் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் பணியாளர் பிரிவில் சேர்ந்து, பேச்சைச் சுத்தமாக மாற்றிக்கொண்டு, எல்லோருக்கும் "மேடம்" ஆகியிருந்தேன்.

அந்த மில்லுக்கே நீ டேப் ரெக்கார்டரோடு வந்தாய். வேலை பார்க்கும் இடத்தில் தன்னை மறைக்காமல் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா என்பது உன் ஆராய்ச்சி. ஸ்பின்னிங் பிரிவுப் பெண்கள் ஆறு வருடமாக என்னிடம் லீவு லெட்டரைத் தவிர எதையும் நீட்டியதில்லை. உன்னிடம் அரை மணி நேரத்தில் புருஷன் அடித்ததுவரை சொன்னார்கள். "எங்க ஆத்தா, நீ நல்லா இருக்கணும்" என்று ஒருத்தி உன் கன்னத்தை வழித்தாள். என் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என் முன்னால் வந்து உட்கார்ந்தாய். "நீ சொல்லு புள்ள. இங்கன நீ நீயா இருக்கியா?"

எனக்குள் ஏதோ அறுந்தது. "ஒனக்கு அது நகை. போட்டா எல்லாரும் அழகுங்கிறாக. நான் அதையே போட்டா, எங்க திருடுனன்னு கேக்குற மாதிரி பாக்குறாக. மறைக்காம இருக்கியான்னு கேக்காத. மறைக்காம இருக்குறதுக்கு யாருக்கு வசதி இருக்குன்னு கேளு."

நீ டேப்பை நிறுத்தினாய். பிறகு, "இத நான் எழுதிக்கிடவா? ஒம் பேரு போட்டே எழுதுறேன்" என்றாய். பயந்துவிட்டேன். பேர் போட்டால் என் அம்மா யார் என்று ஆபீசுக்குத் தெரிந்துவிடும். "போடாத" என்றேன்.

நீ உன் கேள்வியையே மாற்றிக்கொண்டாய். ஏதோ ஒரு மாநாட்டில் கட்டுரையைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று கடிதம் எழுதினாய். பிரதியும் அனுப்பினாய். அதன் நடுவில் என் கோபம், சொல் மாறாமல், "ஒரு பெண் அலுவலர்" என்ற பெயரில் இருந்தது. நானேதான் வேண்டாம் என்றவள். ஆனாலும் அட்டையில் உன் பெயரைப் பார்த்து அழுதேன்.

பிறகு எஸ்டேட் பெண்களோடு பேச அவர்களுடைய ஜீப்பிலேயே மலையேறினாய். மூன்றாம் நாள் மழையில் ஜீப் கவிழ்ந்தது. உன்னோடு இரண்டு பெண்களும் இறந்துபோனார்கள். பத்திரிகையில் உன் படமும் படிப்பும் வந்தன. அவர்கள் இருவரும் "தொழிலாளர்கள்" என்று ஒரு வரியில் முடிந்தார்கள். சாவில்கூட உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

உனக்காக மதுரையில் நம் கல்லூரியில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். உன் ஆராய்ச்சிக்கு அனுமதி தந்த எங்கள் மில் மேலாளரும் முன்வரிசையில் இருந்தார். எழுதிக்கொண்டு போன தாள் கையில் இருந்தது. அதைப் பார்க்காமல் பேசினேன். "அந்த ரெண்டு பேரும் எங்க தெருக்காரக. ஒருத்தர் பேரு பேச்சியம்மா, இன்னொருத்தர் பேரு முருகாயி. எங்க அம்மாவும் அதே மாதிரி ஜீப்புல இருவத்திரண்டு வருசம் போனாக."

யாரும் கைதட்டவில்லை. மேலாளர் அடுத்த வாரம், "சொல்லவே இல்லையே" என்று மட்டும் சொன்னார். அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போனது. காரணம் அதுதானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் என் பேச்சை நான் திரும்ப மாற்றிக்கொள்ளவில்லை.

நான் பேசியது மில் முழுக்கப் பரவியிருந்தது. போன மாதம் ஸ்பின்னிங் பிரிவுப் பெண் ஒருத்தி லீவு லெட்டரை நீட்டிவிட்டு நகராமல் நின்றாள். "மேடம், ஒங்க அம்மா எந்த எஸ்டேட்டுக்குப் போனாக?" என்றாள். சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னாள். அதை நான் எழுதிவைக்கவில்லை, யாருக்கும் சொல்லப்போவதுமில்லை. உன்னிடம் மட்டும் ஓடிவந்து சொல்லி, ஒரே ஒரு தடவை, உன்னைப் பொறாமைப்பட வைக்கவேண்டும் போலிருந்தது.