வேண்டுமென்றே மறந்த கண்ணாடி

அன்புள்ள என்னவருக்கு,

ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளுக்கு வேதம் வாசித்து ஜெபிக்கும்படி போதகர் என்னைக் கேட்டு எட்டு மாதமாகிறது. நானோ அங்கே துணி வெளுப்பவள். முழங்கால் வலி, படிப்பு போதாது என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாக்கு. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று போனில் சிரித்தீர்களே!

செவ்வாயன்று போனேன். கண்ணாடியை மட்டும் வேண்டுமென்றே சலவை அறையில் விட்டுவிட்டேன்.

"கண்ணாடியை மறந்துட்டேன்மா, வாசிக்க முடியாது" என்றேன், வார்டின் கடைசிக் கட்டிலில் இருந்த வயதான ஒரு அம்மாவிடம். அவர் தம் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "போட்டுப் பாரு. தெரியுதா?"

தெரிந்து தொலைத்தது. திக்கித் திக்கி வாசித்தேன். ஜெபிக்கச் சொல் வராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "போதும்மா, ஆண்டவருக்குக் கேட்டிருக்கும்" என்றவர், கண்ணாடியைத் திரும்ப வாங்கவில்லை. "உங்கிட்டயே இருக்கட்டும். அப்பத்தான் நாளைக்கு வருவே."

மறுநாள் போனபோது கட்டில் காலி; இரவே தவறிவிட்டாராம். அதன் விரிப்பு காலையிலேயே என்னிடம் வெளுக்க வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அவருடைய சாமான்களை எடுக்க வந்திருந்த மகளிடம் கண்ணாடியை நீட்டினேன். அவள் வாங்காமல் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். "நீங்க வந்து வாசிப்பீங்கன்னு அம்மா அவங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க."

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சாக்கெல்லாம் தீர்ந்துபோன
உங்கள் வீட்டுக்காரி