கடல் தாண்டி வருகிறது உங்கள் வண்டி

அன்புள்ள ஏனுங்க,

வாழ்ந்த காலமெல்லாம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். எழுத்திலும் அதுவே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்கள் அண்ணனும் படிக்கட்டும். அவருக்கு நேரில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் சேதி. நீங்கள் ஆசையாகப் பதிவு செய்துவிட்டு, வருவதற்குள் போய்விட்டீர்களே, அந்தக் கரண்டு கார், அது வந்துவிட்டது. சேலத்து ஷோரூமில் நிற்கிறது. நாளைக்கு எடுக்கிறோம். எடுக்கிறோம் என்று எழுதுவதற்குள் எவ்வளவு பாடு என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நினைவிருக்கிறதா? ஒரு சாயங்காலம் சேலம் போய்விட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினீர்கள். மழை இருட்டிக்கொண்டு வரும்போது கொல்லிமலை ஒரு நீலமாகத் தெரியுமே, அந்த நிறத்தில் ஒரு கார். அரண்மனையைச் சக்கரத்தில் தூக்கி வைத்த மாதிரி இருந்தது.

"நமக்கு எதுக்குங்க இத்தனாம் பெரிய காரு?" என்றேன்.

"எனக்கில்ல அம்முணி, கோழிக்கு."

"கோழிக்கா?"

"நம்ம டீசல் காரு கேட்டுக்குள்ள வந்தாலே மொதல் ஷெட்டுக் கோழியெல்லாம் மிரளுது. மிரண்ட கோழி ஓடில்லாத தோல் முட்டை போடுது. இது சத்தமே போடாதாம். வந்ததே தெரியாதாம்."

இந்த நாமக்கல் வட்டாரத்தில் கோழி வளர்க்காதவர் யார்? ஆனால் கோழிக்காகச் சொகுசுக் கார் வாங்கினேன் என்று முகம் மாறாமல் சொல்ல உங்கள் ஒருவரால்தான் முடியும். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு கோபம் வந்தது. கோழியைக் கேட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. செத்துப்போனவர் என்பதற்காக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சார்ஜ் போடும் பெட்டியைக் கார் ஷெட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். அதைத் துணி போட்டுத் துடைத்துத் துடைத்து வைத்தீர்கள். பிறகு மாசியில் ஒரு காலை, தீவனம் இறக்கிக்கொண்டிருந்த இடத்தில், மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெட்டி மட்டும் தன்பாட்டுக்குப் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு, வராத வண்டிக்குக் காத்திருந்தது. அதன் பின்னால் இப்போது ஒரு பல்லி குடியிருக்கிறது.

கொஞ்ச நாளில் உங்கள் போனுக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். சேலத்து ஷோரூமில் இருந்து, ஜெசிந்தா என்று பேர். "யார் பேர்லம்மா புக்கிங் இருக்கு?" என்று கேட்டாள். நான் உங்கள் பேரைச் சொன்னேன். கழுத்தில் தாலி ஏறிய நாளில் இருந்து என் வாயால் சொல்லாத பேர். சொன்ன பிறகு நாக்கு கொஞ்ச நேரம் இனித்தது. இங்கே அதை எழுத மாட்டேன். ஒரு தரம் போதும்.

"அவங்ககிட்டக் கொஞ்சம் குடுக்கறீங்களாம்மா?"

"அவரு இல்லை சாமி."

"எப்ப வருவாங்கம்மா?"

"அவரு வரமாட்டாரு. வண்டி எப்ப வரும், அதைச் சொல்லு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் மெதுவாக, "கப்பல்ல ஏத்திட்டாங்கம்மா. கடல்ல இருக்கு," என்றாள்.

கடல்ல இருக்கு. போனை வைத்த பிறகும் அந்தச் சொல் காதுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது. உங்களை நாங்கள் பவானிக் கூடுதுறையில் கரைத்தோம். பள்ளிபாளையம் பாலம் தாண்டும்போது உங்களை மடியில் வைத்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்த்தேன். காவிரி எங்கே போய்ச் சேருகிறது? கடலுக்குத்தானே. நீங்களும் அங்கே, வண்டியும் அங்கே. வழியில் பார்த்துக்கொண்டீர்களா? அந்த இருட்டுக் கப்பலுக்குள், உறை போட்டு நிற்கிற உங்கள் வண்டியை, நீங்கள் அடியில் இருந்து கையால் தொட்டுப் பார்த்தீர்களா?

பைத்தியக்காரத்தனம் என்று மகன் சொல்லுவான். அவனிடம் நான் சொல்லவே இல்லை. பகலில் முட்டை பொறுக்குகிற நேரத்தில், வரிசை வரிசையாகக் கோழிகள் கொக்கரிக்கிற அந்தச் சத்தமே தூரத்தில் அலையடிக்கிற மாதிரி மாறிவிடும். நான் கூண்டுகளுக்கு நடுவில் நடப்பேன், கால் தரையில் படாத மாதிரி இருக்கும். இன்றைக்கு எங்கே வந்திருக்கும், இன்றைக்கு எங்கே வந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. வண்டியைக் கேட்கிறேனா, உங்களைக் கேட்கிறேனா என்று எனக்கே தெரியாது. உங்களுக்காகக் காத்திருக்க முடியாது. வண்டிக்குக் காத்திருக்கலாம். அதற்கு யாரும் என்னைப் பைத்தியம் என்று சொல்ல முடியாதில்லையா?

மத்தியானம் கண் அசந்தால் ஒரே கனவு. துறையூர் ரோட்டில் வெயில் உருகி நிற்கிறது. அந்தப் பளபளப்புக்குள் இருந்து நீல வண்டி வருகிறது. சத்தமே இல்லை. புழுதி இல்லை. சோளக்காட்டின் தலைமேல் காற்று போகிற மாதிரி வருகிறது. கேட்டு தானாகத் திறக்கிறது. ஒரு கோழிகூடத் தலையைத் தூக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடி மட்டும் இறங்குகிறது. உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. யார் ஓட்டி வந்தது என்று குனிந்து பார்ப்பதற்குள் ஒவ்வொரு தரமும் விழித்துவிடுகிறேன்.

வண்டி கப்பலை விட்டு இறங்கிவிட்டது என்று தெரிந்த வாரம் உங்கள் அண்ணன் வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன்.

"அம்முணி, வருசம் திரும்பாம ஊட்டுக்குப் புது வண்டி ஆகாது," என்றார். "அப்படியே எடுத்தாலும் உன்ற கையில சாவி வாங்கறது ஆகவே ஆகாது. பையன் வாங்கட்டும். மருமக ஆரத்தி எடுக்கட்டும். நீ உள்ள இரு."

"உள்ளன்னா எங்கீங்க மாமா? ஊட்டுக்குள்ளயா, கோழி ஷெட்டுக்குள்ளயா?"

"உனக்கு வாய் கொறையவே இல்ல."

"கொறைஞ்சிருந்தா பண்ணையும் கொறைஞ்சிருக்குமுங்க. அவரு காரியம் முடிஞ்ச அடுத்த நாளு, டிரைவர் வரலீன்னு முட்டை வேனை நாமக்கல்லுக்கு ஓட்டிட்டுப் போனது ஆருங்க?"

"அது தொழிலு."

"அன்னைக்கு நீங்க எதுக்கால வந்தீங்க. வண்டிய ஓரங்கட்டி வழி உட்டு, 'பாத்துப் போ அம்முணி'ன்னு சொன்னீங்க. சகுனம் பாக்கலீங்களே?"

"அது வேறம்மா."

"என்னங்க வேற? முட்டைய ஏத்திக்கிட்டுப் போனா ஆகும், மெத்தையில உக்காந்துட்டுப் போனா ஆகாதுங்களா?"

அவர் காபியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "ஊரு என்ன பேசும்னு யோசி," என்று எழுந்து போனார்.

ஊர். நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள்? வேன் ஓட்ட எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. நீங்கள் சந்தைக்குப் போன நேரங்களில், ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் முன்னும் பின்னுமாக உருட்டி நானே கற்றுக்கொண்டேன். வேப்பமரத்தில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், தீவன மூட்டையில் அச்சடித்த எழுத்தைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷும் எழுத்துக் கூட்டக் கற்றவள். லைசென்சும் எடுத்தேன். ஆனால் கார் என்று வந்தால் எனக்கு இடது பக்கம்தான். "வேன் ஓட்டினா வேலைம்பாங்க. கார் ஓட்டினா, புருசன உக்கார வெச்சுக்கிட்டு இவ ஓட்டறா பாரும்பாங்க," என்றீர்கள். நீங்கள் சொன்னதற்கும் உங்கள் அண்ணன் சொன்னதற்கும் எத்தனை தூரம்? நீங்களே அளந்து சொல்லுங்கள்.

வண்டி சேலத்துக்கு வந்து சேர்ந்ததும் ஜெசிந்தா கூப்பிட்டாள். "வாரிசுங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா உங்க பேருக்கே மாத்திடலாம்மா. ஆனா ரொம்ப நாள் நிறுத்தி வெக்க முடியாது. பின்னால ஆளுங்க காத்துட்டிருக்காங்க. நாம எடுக்கலைன்னா அடுத்தவங்களுக்குப் போயிரும்."

வாரிசு என்றால் நானும் நம் மகன் குமரேசனும்தான். அவன் நாமக்கல்லில் இருந்து வந்தான். வரும்போதே முகத்தில் பெரியப்பாவின் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ற பேருலயே எடுத்துருலாம்மா. பெரியப்பனுக்கும் சமாதானமாயிரும். நீ பின் சீட்டுல மகாராணியாட்ட உக்காந்துட்டு வா."

"மகாராணி பின்னால உக்காந்தா முன்னால ராசா ஆருடா?"

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கற. ரெண்டு நாள் குடு, யோசிக்கறேன்."

"யோசி. அதுவரைக்கும் பண்ணையவும் நீயே பாரு. மகாராணி ஓய்வு எடுக்கறா," என்றேன்.

நிஜமாகவே எடுத்தேன். விடிந்தும் வெளியே போகவில்லை. முட்டை வியாபாரிகள் போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் படுத்துக் கிடந்தேன். ஆயுசில் முதல் தடவையாக மேகம் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சேலத்தில் ஒரு கூரைக்கு அடியில், உங்கள் பேரில் வந்து, உங்களுக்கு ஆகாமல், எனக்கும் ஆகாமல், அந்த நீல வண்டி நிற்கிறது என்று நினைத்தபோது பயமாக இருந்தது. அது அடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டால்? அப்புறம் நான் எதற்குக் காத்திருப்பேன்? உங்களுக்கு ஒரு சாவு வந்தது போதாதா, உங்கள் ஆசைக்கும் ஒன்று வர வேண்டுமா? கண்ணை மூடினேன். அன்றைக்குக் கனவுகூட வரவில்லை. ரோடு மட்டும் இருந்தது, வெறுமையாக.

ஒரு பொழுது சாயவில்லை, குமரேசன் வந்து நின்றான். சட்டையெல்லாம் தீவனத்தூள், தலையில் ஒரு இறகு.

"தண்ணி மோட்டர் நின்னு போச்சு. வியாபாரி வந்து கத்தறான். வேலையாளுக எல்லாம் 'அம்மாவக் கேளுங்க, அம்மாவக் கேளுங்க'ங்கறாங்க."

"பெரியப்பனக் கேக்கறதுதான?"

முறைத்தான். அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "காகிதத்தைக் குடு. எங்கீன்னு காட்டு, போட்டுத் தொலைக்கறேன்."

போட்டான். உங்களைப் போலவே, கடைசி எழுத்தை நீட்டி இழுத்துப் போட்டான்.

இன்றைக்குக் காலை ஜெசிந்தா மறுபடி கூப்பிட்டாள். வண்டியைப் பட்டுத்துணி போட்டு மூடி வைப்பார்களாம், வீட்டுக்காரர்கள் இழுத்துத் திறக்க வேண்டுமாம்.

"துணிய யாரும்மா இழுப்பீங்க?"

"நான்."

"சாவி வாங்கறது?"

"நான்."

"ஓட்டிட்டுப் போறது?"

"ஏஞ்சாமி, அதையும் கேக்கோணுமா?"

அவள் சிரித்த சிரிப்பு ஷோரூம் முழுக்கக் கேட்டிருக்கும். "எங்க ஆத்தாவக் கூட்டிட்டு வந்து உங்களைக் காட்டணும்மா," என்றாள்.

சரி. இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இருந்து, வண்டியும் வந்திருந்தால், என் கையில் சாவியைக் கொடுத்திருப்பீர்களா?

கொடுத்திருப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டால் எனக்குச் சுகமாக இருக்கும். ஊரும் அழும், கடிதமும் அழகாக முடியும். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததை உங்கள் வாயில் வைத்துச் சொல்ல மாட்டேன். பாசம் வேறு, பொய் வேறு. ஒருவேளை, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், கொஞ்ச தூரம் கொடுத்திருப்பீர்கள். ஒருவேளை அதுவும் இல்லை. உங்களை நான் தெரிந்துதான் வாழ்ந்தேன். தெரிந்துதான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சேலத்தில் இருந்து ராசிபுரம் வழியாக நானே ஓட்டி வருவேன். குமரேசன் பின்னால் உட்காரட்டும். இடது பக்கம் உங்களுக்கு. வழியெல்லாம் "பிரேக் போடு, பிரேக் போடு" என்று காலை உதைக்கக் கூடாது. அவ்வளவுதான். வெளியே வயலும் மலையும் ஓசையில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருக்கும். தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஊர் வந்ததும் எழுப்புகிறேன்.

நேராக வீட்டுக்கு வர மாட்டேன். உங்கள் அண்ணன் வீட்டு வாசல் வழியாகத்தான் வருவேன். வண்டிதான் சத்தம் போடாது, ஆனால் ஆரன் இருக்கிறது. ஒரே ஒரு தரம் அடிப்பேன். அவர் வெளியே வந்தால், கதவைத் திறந்து, "ஏறுங்க மாமா" என்று ஏற்றிக்கொள்வேன். வராவிட்டால் போய்க்கொண்டே இருப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

பெண்டாட்டி என்ற உறவு தாலியோடு முடிந்தது, இனி முன்னால் நிற்க உனக்கு முறை இல்லை என்கிறார்கள். தாலி ஏறுவதற்கு முன்னாலேயே நமக்குள் ஒரு முறை இருந்தது. அதை யாரும் கட்டவும் இல்லை, அறுக்கவும் முடியாது.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்.