பெரிய கொப்பரை யாருக்கு?

அக்டோபர் 7, திங்கள்

இன்று முதல் எங்கள் வீட்டில் நடப்பதையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். பார்த்ததையும் நினைத்ததையும் கலந்து எழுதுபவள் சாட்சி சொல்லத் தகுதியற்றவள் என்பார் எங்கள் வரலாற்று ஆசிரியை. ஆகவே முதலில் பார்த்தது.

பள்ளி விட்டு வந்தபோது கராஜில், அம்மாவின் வண்டி நிற்க வேண்டிய இடத்தில், புதுக் கொப்பரை ஒன்று நின்றது. பளபளக்கும் எஃகு, அடியில் ஒரு குழாய். நான் உள்ளே உட்கார்ந்து மூடியும் போட்டுக்கொள்ளலாம். அப்பா வீட்டிலேயே பீர் காய்ச்சிய பழைய கொப்பரை அதன் பக்கத்தில் பால் செம்பு போலிருந்தது.

இனி நினைத்தது. மார்ச் மாதம் அப்பா குடியை விட்டார். அன்று அம்மா சொன்னது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "மறுபடி தொட்டேன்னா நானும் டெல்லாவும் மேடிசன்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவோம், வெண்டல். கத்த மாட்டேன். கிளம்பிடுவேன்." டெல்லா நான்தான். அதற்குப் பிறகு வீட்டில் பீர் காய்ச்சவே இல்லை.

குடிக்காதவருக்கு இத்தனை பெரிய கொப்பரை எதற்கு?

அக்டோபர் 8, செவ்வாய்

நேராகவே கேட்டேன். "அந்தக் கொப்பரை யாருதுப்பா?"

"கர்ட் கொண்டுவந்து வெச்சான்."

யாருடையது என்பது கேள்வி. யார் கொண்டுவந்தது என்பது பதில். குறித்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 12, சனி

காலையிலேயே கர்ட் சித்தப்பா வந்துவிட்டார். அவர் அப்பாவுக்குத் தம்பி. அப்பாவின் தோளுக்குக் கீழே நிற்பார், ஆனால் சத்தம் தெரு முனை வரை போகும். பல வருடங்களாக இருவரும் சேர்ந்துதான் காய்ச்சினார்கள்.

பிரச்சினை இதுதான். கேஸ் அடுப்பின் ஸ்டாண்டு பழைய கொப்பரைக்கு ஏற்றது. அதன் வளையத்தில் புதியதைத் தூக்கி வைத்தால் முட்டைக் கிண்ணத்தில் பூசணிக்காயை வைத்ததுபோல் ஆடுகிறது. தண்ணீர் கொதிக்கும்போது கவிழ்ந்தால் காலில் தோல் இருக்காது.

அப்பா இரும்பு ஆங்கிளை வெட்டி, வளையத்துக்கு வெளியே நான்கு பக்கமும் நீட்டி வெல்டிங் வைத்தார். அதுவரை சரி. அடுத்து ஸ்டாண்டின் கால்களை வெட்டினார்! அதுவும் எப்படி? சித்தப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவர் இடுப்புக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டு.

"என்னண்ணே, எனக்குப் பேண்ட் தைக்கப் போறியா?"

"ஆடாம நில்லுடா. பாரம் ஜாஸ்தி. தாழ்வா இருந்தாத்தான் நிக்கும்."

"இதுல எப்போ காய்ச்சப் போறோம்?"

"ஸ்டாண்டு முடியட்டும்."

இவ்வளவு தாழ்த்தினால் அப்பாவுக்கு நாள் முழுக்கக் குனிந்து கிளற வேண்டியிருக்கும். முதுகு வலியையும் பொருட்படுத்தாத ஆசை. அப்படித்தான் எனக்குப் படுகிறது.

அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு முழுவதும் உரித்து முடித்த பிறகும் போகவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

அப்பா இரவு உணவின்போது சிரித்தார். காரணம் தெரியவில்லை.

அக்டோபர் 19, சனி

வெள்ளோட்டம். வீட்டுக்கு முன்னால் வண்டிப் பாதையில் ஸ்டாண்டை நிறுத்தி, கொப்பரை நிறையத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆடவில்லை. பக்கத்து ஏரியிலிருந்து வரும் காற்று மட்டும் தீயைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. "இரு, கேஸை எதுக்குக் காத்துக்குக் குடுக்கணும்?" என்று சித்தப்பா ஒரு தகரத்தை வளைத்து, ஸ்டாண்டைச் சுற்றி இடைவெளி இல்லாமல் கட்டிவிட்டார். இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான், குளிருக்குப் பயந்து நாய்க் கூண்டுக்குக்கூடச் சட்டை போடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் நீலத் தீ மஞ்சளாயிற்று. நான்தான் முதலில் பார்த்தேன்.

"அப்பா, தீ மஞ்சளா எரியுது! அடியில கரி பிடிக்குது!"

அப்பா உடனே சிலிண்டரை மூடினார். மூச்சு விட வழியில்லாமல் தீ திணறியிருக்கிறது. கேஸ் குழாயின் ரப்பரும் இளகத் தொடங்கியிருந்தது.

"இதைக் கராஜுக்குள்ள வெச்சு, கதவையும் சாத்திட்டு எரிச்சிருந்தா? விஷப் புகைடா. தூங்குற மாதிரி செத்திருப்பே," என்றார் அப்பா. "என்னை விடு, கர்ட். நீ எப்பவும் கதவைச் சாத்துற ஆளு."

கொப்பரையின் அடியைத் தூக்கி நிறுத்த நான்கு இரும்புத் துண்டுகளை வளையத்தின்மேல் பற்றவைத்தார். தகரத்தில் பாதியை வெட்டிக் காற்று வரும் பக்கம் மட்டும் விட்டார். மறுபடி ஏற்றியபோது தீ நீலமாக நின்றது.

தண்ணீர் கொதி வந்ததும் அவர்களுடைய பழைய வழக்கம்: பழைய சரக்கில் ஒரு பாட்டில் திறப்பது. சித்தப்பா இரண்டு திறந்து, ஒன்றை அப்பா கையில் திணித்தார். "கொதிக்கு மரியாதை, அண்ணே!"

அப்பா அதை வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டார். நான் பார்த்தேன். பிறகு இருவரும் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள், நீராவி மறைத்துவிட்டது. குடித்தாரா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

பாட்டில் சிலிண்டருக்குப் பின்னால் இருந்தது. முழுதாக. மூடி இல்லை. முகர்ந்தேன், பீர்தான். திறந்த பாட்டில் குற்றத்துக்குச் சாட்சியா, நிறைந்த பாட்டில் குற்றமின்மைக்குச் சாட்சியா? ஒன்றைக் குடித்துவிட்டு இதை வைத்திருக்கலாம் அல்லவா?

"என்ன பண்ணிட்டிருக்கே?"

அம்மா. பின்னால் நின்றாள். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போயிட்டாள்.

நான் எதுக்கு அதைக் கையில எடுத்தேன்? வாயத் தெறந்து 'முழுசா இருக்கும்மா, பாரேன்'னு ஏன் சொல்லலை? சொல்லியிருக்கணும் — ஆனா எனக்கே நம்பிக்கை இல்லையே!

அக்டோபர் 21, திங்கள்

அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பெரியம்மாவிடம் தொலைபேசியில் பேசினாள். "ரூம் காலியா இருக்கா?" என்பது மட்டும் கேட்டது.

அக்டோபர் 26, சனி

அப்பா ஸ்டாண்டுக்குக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தார். சித்தப்பா பார்லி மூட்டையோடு வந்து இறங்கினார். "இன்னிக்குக் காய்ச்சிடலாம்!" அம்மாவும் வெளியே வந்து படியில் நின்றாள், கோட்டு போட்டுக்கொண்டு, கைப்பையோடு.

அப்பா ஸ்டாண்டைத் தூக்கி, சித்தப்பாவின் வண்டியில் ஏற்றினார். அடுத்துக் கொப்பரை. அடுத்துச் சிலிண்டர்.

"எதுக்கு ஏத்துறே? இங்கதானே காய்ச்சுவோம்."

"உன் வீட்டுல காய்ச்சு. உன் கொப்பரை. ஸ்டாண்டு இனிமே உன்னோடது, உன் உயரத்துக்குத்தான் வெட்டியிருக்கேன்."

"அப்ப நீ?"

"நான் வரலைடா."

சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். "சும்மா கிளறிக் குடு, அண்ணே. குடிக்க வேணாம்."

"கிளறினா குடிப்பேன். அன்னிக்கு அந்த பாட்டிலை வாங்கினேன்ல? கீழ வைக்கறதுக்குள்ள கை வலிச்சுப் போச்சு."

சித்தப்பா மூட்டையையும் தானே ஏற்றினார். கிளம்பும் முன் ஜன்னல் வழியாக, "அப்பச் சனிக்கிழமை நான் என்ன பண்றது?" என்றார், சின்னப் பையனைப்போல. "டெல்லாவோட செஸ் ஆடு. தோத்துப் பழகு," என்றார் அப்பா.

அம்மா எங்கும் போகவில்லை. ஆனால் கோட்டையும் கழற்றவில்லை. படியிலேயே நின்றாள்.

எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. சித்தப்பா வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். நடந்தே போகலாம்.

நவம்பர் 2, சனி

சித்தப்பா வந்தார். தோற்றார். அப்பா வீட்டில்தான் இருந்தார், நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

நவம்பர் 9, சனி

மாலையில் முதல் பனி. அம்மாவின் வண்டி உறுமும் சத்தம் கேட்டு, போய்விட்டாள் என்றே நினைத்து ஜன்னலுக்கு ஓடினேன்.

வண்டி பின்னால் நகரவில்லை, முன்னால் நகர்ந்தது. கராஜ் கதவு திறந்திருந்தது. அடுப்பு இருந்த இடம் பெருக்கிக் கிடந்தது. அப்பா உள்ளே நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். "வா, வா... இன்னும் வா. இடிக்காது, ஜோலீன்."

"இடிச்சா உன்னைத்தான் இடிப்பேன்!"

வண்டி முழுவதும் உள்ளே போயிற்று. அம்மா இன்ஜினை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் நகரவில்லை, முகத்தில் வெளிச்சம் விழக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

பிறகு அம்மா வண்டி விளக்குகளை அணைத்தாள்.