குறுக்கே போட்ட கோடு

என்னவருக்கு,

இங்கே நான் நலம், அத்தையும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. அனுப்பிய படங்களிலேயே தெரிகிறது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்கள். சட்டை புதுசு. யார் தேர்ந்தெடுத்தது என்றும் கேட்கவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசும்போதெல்லாம் பின்னால் அந்தச் சிரிப்பு கேட்கிறது. ஆய்வகத்தில் அப்படி விழுந்து விழுந்து சிரிக்க என்ன இருக்கிறதோ! நாம் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்த வரையில் நான் கேட்டதெல்லாம் பம்பு இரைச்சல்தான்.

அத்தைக்கு முட்டி வலி பரவாயில்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீங்கள் துணி சுற்றிவிட்டுப் போன அதே இடம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். கோபால்ட் படலம் வழக்கத்தை மீறிவிட்டது, காந்தம் குறுக்கே படுத்துவிட்டது, இது பெரிய கண்டுபிடிப்பு என்றும், அங்கே உங்களோடு வேலை பார்க்கிறவளைப் பற்றி "இவளோட கைராசியே தனி" என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியை வேலை செய்யும்போதும் சாப்பிடும்போதும் மென்றுகொண்டே இருந்தேன். அப்படியானால் என் கைக்கு என்ன குறை? நீங்கள் இங்கிருந்து கொண்டுபோன அந்தச் செம்புப் படிகத்தைச் சற்றே சாய்த்து வெட்டியது யார்? வைரப் பசை தொட்டு மெருகேற்றி விரல் மரத்துப் போனது யாருக்கு? நீங்கள் அனுப்பவிருக்கும் கட்டுரையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர். நான் எங்கேயோ கடைசியில், நன்றி சொல்கிற இடத்தில். வயிறு எரிகிறது. மறைக்கவில்லை.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அத்தை என்னவென்று கேட்டார்கள். சொன்னேன். அந்தப் படிகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு இருக்கிறது, ஒவ்வொரு படியும் ஒரே ஓர் அணு உயரம், அதன்மேல் கோபால்ட்டைச் சில அடுக்கு படியவைத்தால் அதன் காந்தம் படிகளின் நீளவாக்கில் படுக்கும், எங்களுக்கு எப்போதும் அப்படித்தான் வந்திருக்கிறது என்றேன். "அப்ப அங்க மட்டும் ஏன் குறுக்க படுத்துச்சாம்?" என்றார்கள். அந்த அம்மாளின் கைராசியாம் என்றேன். அத்தை என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டார்கள்.

அப்புறம்தான் நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றை எடுத்தேன். படிகத்தை அவள் தாங்கியில் மாட்டுகிற படம். நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன், படிகத்தைப் பார்க்க எடுக்கவில்லை. அவள் விரலில் மோதிரம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். கையுறை போட்டிருக்கிறாள், என்ன தெரியும்? ஆனால் கையுறைக்குக் கீழே, படிகத்தின் ஓரத்தில், என் கோடு தெரிந்தது.

படிகள் கண்ணுக்குத் தெரியாதே, அதனால் திசைக்கு அடையாளமாக எல்லோரும் படிகத்தின் ஓரத்தில் படிகளின் நீளவாக்கில் கோடு கீறுவார்கள். நான் குறுக்கே கீறுவேன். என் கைக்கு அதுதான் வாகு. "உலகமே ஒரு பக்கம் போனா நீ ஒரு பக்கம்" என்று எத்தனை முறை கிண்டல் செய்திருப்பீர்கள்! தாங்கியில் பொறித்த அம்புக்குறியின் திசையில்தான் படிகளின் நீளம் இருக்க வேண்டும். என் கோடு அதற்குக் குறுக்கே நிற்க வேண்டும். படத்தில் அம்புக்கு நேராக நிற்கிறது. எல்லா ஊர் வழக்கப்படியும் அவள் சரியாகத்தான் மாட்டியிருக்கிறாள். அவளுக்கு என் வழக்கம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்க மாட்டேன்.

ஆக, காந்தம் வழக்கம்போலப் படிகளின் நீளவாக்கில்தான் படுத்திருக்கிறது. படிகம்தான் கால்வட்டம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. படிகத்தில் பட்டுத் திரும்பும் எலெக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டுமே, அந்த எலெக்ட்ரான் திரை அங்கே பழுது என்றீர்களே, அது சரியாகட்டும். புள்ளிகள் எந்தத் திசையில் இரட்டையாகப் பிரிகின்றன என்று பாருங்கள். அதுதான் படிகளுக்குக் குறுக்கு. என் பேச்சை நம்ப வேண்டாம், திரையை நம்புங்கள்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்றுகூட நினைத்தேன். கட்டுரை வெளியாகட்டும், யாராவது மறுத்து எழுதட்டும், அப்போது அவள் சிரிக்கட்டும் பார்க்கலாம் என்று இருந்தேன். ஆனால் அவள் பெயருக்கு முன்னால் உங்கள் பெயரல்லவா இருக்கிறது. உங்களை நாலு பேர் கேலி பேசினால் எனக்குப் பொறுக்காது. கேலி செய்ய நான் ஒருத்தி போதும்.

கட்டுரையை அனுப்பிவிடாதீர்கள். படிகத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபடி அளந்து பாருங்கள். தயவுசெய்து நீங்களே மாட்டுங்கள், வேறு கையில் கொடுக்காதீர்கள். அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தப்பு அவளுடையது இல்லை.

இங்கே புதிதாக ஒரு படிகம் மெருகேற்றி வைத்திருக்கிறேன். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. இன்னும் கோடு போடவில்லை. நீங்கள் வந்த பிறகு போடுகிறேன். அப்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த வேலை நல்லபடியாக முடியட்டும். சீக்கிரம் முடியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி