மஞ்சள் கோடு போட்ட டாங்கி

என் அருமை அஞ்சலையக்கா,

நீ போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. மம்பாவில் உன் மகள் சரோஜா வீட்டில் இன்னும் கூட்டம் குறையவில்லை. கோலா பிலாவிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். உன்னோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்கூட வந்து அழுகிறார்கள். நான் செத்தால் இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று எண்ணிப் பார்த்தேன். சாவு வீட்டில் உட்கார்ந்து இப்படி யோசிக்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உனக்கா என்னைத் தெரியாது? உனக்குப் பின்னால் பிறந்த அன்றே இந்தப் பொறாமையும் என்னோடு பிறந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? வந்தவர்கள் உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு நேரே என்னிடம்தான் வருகிறார்கள். "நீங்கதானே டாங்கி தாத்தா? சப்பான்காரன் காலத்துல டாங்கி செஞ்சு குடுத்து, ஒங்கப்பாவ சயாமுக்குப் போவாம காப்பாத்துனவரு? ஆத்தா சொல்லாத நாளு இல்ல லா" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன். சின்ன வயதிலிருந்து ஆட்டிப் பழகிய தலை.

ஏன் அக்கா அப்படிச் சொல்லி வைத்தாய்? செய்தவள் நீ. எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடிய சில நாளில் ரந்தாவ் சாலையில் ஜப்பான்காரர்களின் டாங்கிகள் போயின. நீயும் நானும் ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தோம். நான் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். நீ சக்கரங்களை எண்ணிக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்து, ஒரு துண்டு ரப்பர் கட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு டாங்கி ஒன்று செதுக்கி, விளையாட என்னிடம் கொடுத்தாய். நான் நன்றியா சொன்னேன்? போட்டிக்கு நானும் ஒரு கட்டையைச் செதுக்கினேன். அது சோப்புக்கட்டி மாதிரி வந்தது. அப்பா இரண்டையும் பார்த்தார். உன்னுடையதைத் திருப்பித் திருப்பி ரசித்துவிட்டு, என்னுடையதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

பிறகு ஒரு நாள் கிராணி நம் லயத்து வரிசை வீடுகள் பக்கம் வந்தார். முன்பு ஆபீஸில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தவர். துரை போன பிறகு தோட்டமே அவர் கையில்தான் இருந்தது. வாசலில் நான் அந்தச் சின்ன டாங்கியை இழுத்துக்கொண்டிருந்தேன். "யார்றா செஞ்சது?" என்று கேட்டார். "நாந்தான்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது. கதவுக்குப் பின்னால் நீ நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

அவர் அப்பாவைக் கூப்பிட்டார். "சிரம்பான்லேருந்து பெரிய ஆபீசர் வாராரு. டாங்கிப் படையில இருந்தவராம். ஒம் மவன் மொழ நீளத்துல ஒண்ணு செஞ்சு குடுக்கட்டும். சயாம் லிஸ்ட்டுல ஒம் பேரு இருக்கு. அத எடுத்துவுடச் சொல்றேன்" என்றார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நம் தோட்டத்திலிருந்து போனவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பவில்லை.

பொய் சொன்னதற்கு முதுகு பழுத்துவிடும் என்று நினைத்தேன். அம்மாவோ என்னைக் கட்டிக்கொண்டார். "நல்ல வேள, தம்பி தம் பேரச் சொன்னான். வயசுக்கு வந்த புள்ள பேரு பங்களாவுக்குப் போச்சுன்னா என்னா ஆவுறது?" என்றார். சிப்பாய்களுக்குப் பயந்து தினமும் உன் முகத்தில் கரி பூசியே வெளியே விட்ட அம்மா வேறென்ன சொல்வார்? ஆக, என் பொறாமை சொன்ன பொய்க்கு வீட்டிலேயே சம்மதம் கிடைத்துவிட்டது. நீயும் சிரித்துக்கொண்டு, "ஆமாம்மா, இவந்தான் செஞ்சான்" என்றாய்.

பத்து நாள். நீ உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வாய். நான் வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் காதில் விழும்படி வெறும் கட்டையைச் சுத்தியலால் தட்ட வேண்டும். அதுதான் எனக்கு இட்ட வேலை. "என்னாப்பா, டாங்கி வருதா?" என்று கேட்பார்கள். "வருது, வருது" என்பேன்.

உடம்புக்கு ரப்பர் கட்டை. மேலே திரும்புகிற கூண்டுக்குச் சின்னக் கொட்டாங்கச்சியைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினாய். பீரங்கிக்குக் குடைக்கம்பி. சக்கரங்களுக்கு நூல்கண்டுக் கட்டைகளை அறுத்தாய். சக்கரத்தைச் சுற்றி வரும் சங்கிலிக்கு என்ன செய்வாய் என்று காத்திருந்தேன், அதிலாவது தோற்க மாட்டாயா என்று. நீ புகைபோட்ட ரப்பர் ஷீட்டை விரல் அகலத்துக்கு வெட்டி, பால் வெட்டும் கத்தியால் பல் பல்லாகக் கீறி மாட்டினாய். உருட்டியதும் அது சுற்றிக்கொண்டு ஓடியது. அப்பா சிரித்தார். சயாம் பேச்சு வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்து அவர் அப்படி ஒரு நாளும் சிரித்ததில்லை அக்கா. அந்த டாங்கியைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் போலிருந்தது. அப்பாவின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

ரப்பர் ஆலைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டில் கரித்தூள் கலந்து நீயே பூசினாய். அதன் மேல் வளைந்து வளைந்து மஞ்சள் கோடு போட வேண்டும். சாலையில் போன டாங்கிகளில் அப்படி இருந்ததாம். கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்? "கோட்டயாவது நான் போடுறேன்" என்றேன். மறு பேச்சில்லாமல் பிரஷ்ஷைக் கொடுத்தாய். நீ கொஞ்சம் மறுத்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

ஆபீசர் வருகிற நாள் காலை. மஞ்சள் தூளைக் கஞ்சியில் குழைத்துக் கோடு போட்டேன். நன்றாகத்தான் வந்தது, ஆனால் தொட்டால் கையோடு வந்தது. லயத்துச் சுவரில் சுண்ணாம்பு எப்படி இறுகிப் பிடித்துக்கொள்கிறது? அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்துத் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்து, எல்லாக் கோட்டின் மேலும் ஒரே மூச்சாகப் பிழிந்துவிட்டேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் முன்னால் நின்று ஆலாத்தி சுற்றுவதைப் பார்த்தவன்தான். தட்டில் இருக்கும் அந்தச் சிவப்பு எதையும் எதையும் கலந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது பொம்பளைங்க வேலை என்று விட்டுவிட்ட ஆண்பிள்ளை நான்.

கண்ணெதிரே டாங்கி முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கீறல் விழுந்தது. அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ என்னைத் தள்ளிவிட்டு வந்து பார்த்தாய். "என்னாத்தடா ஊத்துன?" என்றாய். "சுண்ணாம்பு" என்றேன். லயத்துக்குப் பின்னால் ஓடி நாலு எலுமிச்சம்பழம் பறித்து வந்தாய். கோழி இறகால் சாற்றைத் தொட்டுத் தொட்டுக் கோட்டின் மேல் இழுத்தாய். இறகு போன இடமெல்லாம் சிவப்பு ஓடி மஞ்சள் திரும்பி வந்தது. "பயப்படாதடா. மஞ்சக் கறத் துணிய சோப்புப் போட்டா செவக்கும், பழத்தத் தேச்சா திரும்பிரும். ஒன் சுண்ணாம்புனால நல்லா புடிச்சுக்கிச்சு பாரு" என்றாய்.

அன்று நீ என்னை நாலு அறை விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஆபீசர் மேசை மேல் உருட்டிப் பார்த்தார். கொட்டாங்கச்சிக் கூண்டைத் திருப்பினார். மஞ்சள் கோட்டின் மேல் விரலை ஓட்டி ஏதோ சொன்னார். "கோடு அச்சு அசலா இருக்காம், எங்க பாத்தன்னு கேக்குறாரு" என்றார் கிராணி. "ரோட்டுல" என்றேன். ஆபீசர் என் தலையைத் தட்டிக் கொடுத்தார். அப்பாவின் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் யார் பெயரை எழுதினார்கள் என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ அக்கா?

டாங்கி செய்தவன் என்ற பெயரை வைத்துத்தான் நான் பிழைத்தேன். யுத்தம் முடிந்ததும், டாங்கி செய்த பையனா என்று கேட்டுச் சிரம்பானில் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் சேர்த்துக்கொண்டார்கள். எழுத்து எழுதக் கற்றுக்கொண்டு குடும்பம் நடத்தினேன். உன்னை அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். நீ கோலா பிலாவில் உடம்பில் தெம்பு இருந்தவரை பால் வெட்டினாய். உன் பிள்ளைகள் ஏதாவது அழகாகச் செய்தால், "மாமா கை வந்திருக்கு" என்பாயே. அதைக் கேட்கும்போதெல்லாம் ஊசி குத்தும்.

போன மாதம் என் பேத்தி ஒரு பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே ப்ளாஸ்டிக் துண்டு துண்டாக, அதே ஜப்பான் டாங்கி. "தாத்தா, ஒங்களுக்கு இது சும்மா லா" என்றாள். ஒட்டினேன். சக்கரம் கோணிக்கொண்டது, பசை வழிந்தது, சங்கிலி அறுந்தது. பெயிண்ட் மட்டும் சுமாராக வந்தது. "கை நடுங்குது" என்று சமாளித்தேன். ஒட்டிய அன்று கை நடுங்கவே இல்லை.

நேற்றுச் சரோஜா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சரோ, அந்த டாங்கியச் செஞ்சது ஒங்கம்மா. நான் வெறும் கட்டயத் தட்டிக்கிட்டு இருந்தேன், அவ்ளோதான்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும் லா மாமா" என்றாள். "ஆஸ்பத்திரில இருக்குறப்பவே அம்மா சொல்லிட்டாங்க. மாமா ஒரு நாளு அவராவே வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்க. லேட்டா சொன்னாலும் ஏன்னு கேக்காதீங்கன்னாங்க."

அப்படியானால் இத்தனை நாள் நான் தலையை ஆட்டியதை உன் பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். உண்மையைச் சொன்ன பெருமையாவது எனக்கு மிஞ்சும் என்று நினைத்தேன். அதிலும் நீ முந்திக்கொண்டாய்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே, போகவில்லை. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டேன். இப்போது உன்மேல் இருக்கும் பொறாமை அதற்காகத்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் வருவார்கள். படையல் முடிந்து இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று, எங்கள் அப்பாவைக் காப்பாற்றியவள் அஞ்சலை என்று உரக்கச் சொல்வேன். அதன் பிறகு யாரும் என் கையைப் பிடிக்க வர மாட்டார்கள். பரவாயில்லை. இது சத்தியம் அக்கா.

என்றும் உனக்கு இளையவன்,
உன் தம்பி ரத்தினம்