மூன்றடி உள்ளே போன வாசல்

என் லோகு, என் கண்ணே, என் வயிற்றெரிச்சலே,

உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. எதிரெதிர் வீட்டில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? ஜன்னலைத் திறந்து "அடியே" என்றால் நீ வந்துவிடுவாய். இப்போது திறந்தால் உன் வீடுதான் தெரிகிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் புது வீட்டைப் பார்த்து எனக்குப் பொறாமை. நீ ஒரு நாள்கூடப் படுத்துத் தூங்காத வீடு. நீ மார்கழியில் போய்ச் சேர்ந்தாய், பங்குனியில் உன் மகனும் மருமகள் கவிதாவும் பால் காய்ச்சினார்கள். நானும் வந்தேன். வாழ்த்தவா வந்தேன் என்று நினைக்கிறாய்? எங்கே என்ன குறை என்று பார்க்கத்தான் வந்தேன்.

நம் கதைதான் உனக்குத் தெரியுமே. நீ கிரைண்டர் வாங்கினால் அடுத்த வாரம் என் வீட்டில் கிரைண்டர். உன் மகள் கல்யாணத்துக்கு அரக்குப் பட்டு என்றால் என் மகளுக்கு அதைவிட ஒரு விரல் அகலக் கரை. சின்ன காஞ்சிபுரத்தில் நம் தெருவே சிரிக்கும். அதனால்தான் போன ஆவணியில் நான் முந்திக்கொண்டேன். சென்னையிலிருந்து இன்ஜினியரை வரவழைத்து, பழைய முகப்பை இடித்து, முழுக்கக் கண்ணாடி வைத்தேன். மேலே மூன்றடி வெளியே நீட்டி ஒரு பால்கனி. அதற்கும் கண்ணாடிக் கைப்பிடி. தெருவில் வேறு யாருக்கும் இல்லாத பால்கனி.

மேற்குப் பார்த்த வீட்டுக்குக் கண்ணாடி வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். மத்தியானம் மூன்று மணிக்குமேல் கூடத்தில் உட்கார முடிவதில்லை. வெயில் நேராகத் தறியில் விழுந்து, பாவு இழை காய்ந்து படபடவென்று அறுகிறது. கடைசியில் இத்தனை பணம் போட்டு வைத்த கண்ணாடிக்குப் பழைய வேட்டியைத் திரையாகக் கட்டியிருக்கிறேன். சிரிக்காதே.

உன் வீட்டிலோ ஏசி இல்லை. பூசாத செங்கல் சுவர், அதில் நடுநடுவே காற்றுக்கு விட்ட துவாரங்கள். தறிக்கு நேர் மேலே ஓட்டுக்கு நடுவில் நாலு கண்ணாடி ஓடு. பகலில் ட்யூப்லைட்டே போடாமல் உன் மகன் நெய்கிறான். கூரையில் பெய்கிற மழை குழாய் வழியாக உங்கள் பழைய கிணற்றுக்கே போகிறது. கட்டடக்கலை படிக்கிற பெண்கள் காலேஜிலிருந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் ஒருத்தி என் வீட்டுப் படியில் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உன் வீட்டை எடுத்தாள்.

ஆனாலும் பால் காய்ச்சின அன்றைக்கே ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டேன். எல்லோரும் ஒரு சாண் கிடைத்தால் முன்னால் இழுத்துக் கட்டுகிற காலத்தில், உங்கள் வாசலை மூன்றடி உள்ளே தள்ளியிருந்தார்கள். சொந்த நிலம், பட்டா நிலம், வெறுமனே தெருவோடு சேர்ந்து கிடக்கிறது. "லோகு போனதும் புத்தி சொல்ல ஆளில்லாம மூணடிய வீணாக்கிட்டாங்க பாரு" என்று தெருக்கோடி வரை போய்ச் சொன்னேன். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

பிறகு வைகாசி உற்சவம் வந்தது.

உனக்குத் தெரியும், பெருமாள் நம் தெருவில் என் வாசலில்தான் நிற்பார். என் மாமியார் காலத்துக்கு முன்னாலிருந்தே அப்படி. நம் தெருவில் அகலமான இடம் அதுதான், சுமக்கிறவர்கள் தோள் மாற்றிக்கொள்ள வசதி. நீ உன் வாசலிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று கும்பிடுவாய். எத்தனை கிரைண்டர் நீ வாங்கினாலும் அந்த ஒரு காலை நேரம் எனக்கு மட்டும் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

இந்த வருஷமும் அரக்குப் புடவை கட்டி, தேங்காய், பழம், தட்டு, எல்லாம் தயார். வாகனம் அசைந்து வந்தது. கற்பூரத்தை ஏற்றினேன். அப்போது பெருமாளுக்குப் பிடிக்கிற பெரிய குடை என் பால்கனியில் இடித்தது.

"ஏய், ஓரம், ஓரம்! கொடை மாட்டிக்கினுச்சு பாரு. அந்தாண்ட திருப்புங்கப்பா" என்று குடை பிடித்தவர் கத்தினார். வாகனம் அப்படியே உன் பக்கம் ஒதுங்கியது. உன் வீட்டு முன்னால் அந்த மூன்றடி காலியாகக் கிடந்ததே, அங்கே நின்று தோள் மாற்றினார்கள். பெருமாளை உன் வாசலைப் பார்க்கத் திருப்பினார்கள். கவிதா குழந்தையை உன் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் தட்டு எடுத்து வந்தாள்.

பின்னழகைச் சேவிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்குக் கிடைத்தது அதுதான், மாலையின் முடிச்சும் மல்லிகைச் சரமும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் கற்பூரம் என் தட்டிலேயே எரிந்து அணைந்தது. செத்தும் ஜெயித்துவிட்டாயே பாவி என்று மனசுக்குள் உன்னைத் திட்டினேன். பெருமாளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு திட்டினேன்.

அப்போதுதான் ஆவணி ஞாபகம் வந்தது. பால்கனிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த அன்று நீ ஒட்டடைக் கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றாய்.

"யக்கா, கொடை இடிக்கும்கா. ஒரு வாட்டி அளந்து பாரு."

"உனுக்கு வயிறு எரியுதுன்னு சொல்லுடி. அத்த வுட்டுட்டு இன்னாத்துக்கு சாமிய இழுக்கற?"

நீ கோலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனாய். அதற்கப்புறம் உன் மூச்சு நிற்கிற வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஏன் லோகு? இன்னொரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா? நான்கு பேரை வைத்துச் சண்டை போட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் கவிதாவிடம் சண்டைக்குப் போனேன். "வாசல உள்ள தள்ளி சாமிய உங்க பக்கம் இழுத்துக்கினீங்க. இது உங்க மாமியார் போட்ட பிளான்தானே?" என்று கேட்டேன்.

அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை.

"ஆமா பெரிம்மா, அத்த பிளான்தான். ஆசுபத்திரில படுத்துக்கினே சொன்னாங்க. இன்ஜினியர் கூட மூணடி வேஸ்டுன்னு கேட்டாரு. எதிர்ல அக்கா வூடு வெளிய வந்துடுச்சு, நாமளும் முன்னாடி போனா கொடை எப்பிடிப் போவும், நாம உள்ள போய்டலாம்னாங்க."

குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"இல்லாட்டி சாமி போவ முடியாம ஊரே அக்காவத்தான் திட்டும், அது தாங்காதுன்னாங்க பெரிம்மா."

உன் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். குளுகுளுவென்று இருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன், போ. நீ ஆசைப்பட்டு நிலத்தை விட்டாய் என்றால் ஆறியிருக்கும். சாமியை இழுக்க விட்டாய் என்றாலும் ஆறியிருக்கும். என்னை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று விட்டாயே, அந்த மனசு எனக்கு வரவில்லையே. முப்பத்திரண்டு வருஷம் நான் மட்டுமா உன்னோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தேன்? நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

பால்கனியை வெட்டச் சொல்லிவிட்டேன். "அவ்ளோ செலவு பண்ணிக் கட்டிட்டு இப்ப இடிக்கணுமாம்மா?" என்று என் மகன் குதித்தான். ஆடி கழியட்டும் என்று மேஸ்திரி இழுத்தார். கட்டுவதற்குத்தானே ஆடி பார்ப்பார்கள், இடிக்கிறதுக்கு என்ன ஆடி என்றேன். வருகிற புதன்கிழமை ஆள் வருகிறது. கண்ணாடியையும் எடுத்துவிட்டு, உன் வீட்டு மாதிரியே செங்கல் வைத்துத் துவாரம் விடப் போகிறேன். உன்னைப் பார்த்துக் காப்பியடித்தேன் என்று தெருவே சொல்லட்டும்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். என் வாசலையும் உள்ளே தள்ளப் போகிறேன். மூன்றடி இல்லை லோகு, மூன்றரை அடி. டேப் வைத்து நானே அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டேன். உன்னைவிட அரை அடி அதிகம்.

இதிலாவது உன்னிடம் தோற்க மாட்டாத,
உன் எதிர்வீட்டு அக்கா
சகுந்தலா