வேலாயி வாங்காத வெற்றிலை

அப்பா,

அன்று வேப்பமரத்தடியில் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு உங்கள் பக்கத்தில் நின்றபோது, "இந்த வெற்றிலை எதற்கு?" என்று நான் கேட்கவில்லை. வேலாயிதான் கேட்டாள்.

இன்று காலை அதே தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். நாளை உங்கள் வருட திவசம். உறவினர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த மகராசன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடக் கொட்டகையில் இப்போது அடுப்பெரிக்கும் பருத்தி மார்தான் அடுக்கியிருக்கிறது. நான் தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

அது கோடை முடியும் சமயம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்தாக வேண்டும், மறுத்தால் மானியம் நின்றுவிடும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. செய்தித்தாளில் அதைப் பார்த்துவிட்டு நான்தான் உங்களுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னீர்கள்.

நம் பண்ணையாள் கருப்பனின் மனைவி வேலாயி மாட்டுக் கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். சேதி அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"ஏனுங்கம்மணி, எம்புள்ள அங்கம்மாளும் அங்க போயி உக்காரலாமாமா? நெசந்தானுங்களா?"

நிஜம்தான் என்றேன்.

"அப்ப ஆனி பொறந்ததும் கூட்டீட்டுப் போயிருவனுங்க. பண்ணாடி ஊட்டு அம்மணியே சொல்லீட்டீங்கல்ல!" என்று சிரித்தாள். சாணிக்கையோடு மகளைக் கூப்பிட்டு என்னைக் கும்பிடச் சொன்னாள். அந்தப் பிள்ளை கும்பிடாமல் ஓடிவிட்டது.

தங்கள் தெருக்கோடியில் பள்ளிக்கூடம் வைக்க இடம் கேட்டுப் பண்ணையாட்கள் எத்தனையோ முறை வந்திருக்கிறார்கள். "பாக்கலாம்" என்று சொல்லி அனுப்புவீர்கள். இப்போது யாரும் கேட்காமலே அங்கே மூங்கிலும் ஓலையும் வண்டி வண்டியாக இறங்கின. தம்மம்பட்டியிலிருந்து ஒரு வாத்தியாரும் வந்து சேர்ந்தார். சாப்பிடும்போது, ஏன் திடீரென்று என்று கேட்டேன்.

"ஊர்ப் பள்ளிக்கோடத்துல போயி மூலையில ஒடுங்கிக் குந்தறதுக்கு, அவிய தெருவுலயே ராசாவாட்டம் உக்காந்து படிக்கட்டுமே சாமி" என்றீர்கள்.

நல்ல வார்த்தைதான். அதனாலேயே மனம் ஒப்பவில்லை.

மறுநாள் ஆட்டையாம்பட்டி மாமா வந்திருந்தார். தண்ணீர்ச் செம்பை வாங்கும்போதே அவருக்குச் சிரிப்பு. "நம்ம பந்தியில வந்து குந்தப் போறாங்களேன்னு ஊரே கவலப்பட்டுட்டு இருந்துச்சு. மாப்ள அவிங்களுக்குத் தனிப் பந்தியே போட்டுட்டாரே!" நீங்கள் சிரிக்கவில்லை. அப்படியில்லை என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனீர்கள்.

தை பிறந்தால் பண்ணையாட்கள் வந்து உங்களிடம் வெற்றிலை பாக்கு வாங்குவார்கள். வாங்கிவிட்டால் அந்த வருடம் முழுவதும் இந்தப் பண்ணையம்தான், வேறு யார் காட்டிலும் வேலைக்குக் கால் வைக்கக் கூடாது. எழுத்தும் சாட்சியும் தேவைப்படாத ஒப்பந்தம் அது. வேறு எந்த நாளிலும் நீங்கள் அவர்களுக்கு வெற்றிலை கொடுத்து நான் பார்த்ததில்லை. புதுப் பள்ளிக்கூடம் திறந்த அன்று வேப்பமரத்தடியில் கொடுத்தீர்கள். ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டீர்கள், ஆண்கள் துண்டை விரித்தார்கள், மேலிருந்து போட்டீர்கள்.

கருப்பன் முறை வந்தபோது வேலாயி முன்னால் வந்து நின்றாள்.

"பண்ணாடி, இது எதுக்குங்க? பண்ணயத்துக்குத் தையிலயே வாங்கீட்டமுங்களே."

"இது பள்ளிக்கோடத்துக்கு வேலாயி. புள்ளைங்க இனி இங்கதான் படிக்கும்னு ஒரு வாக்கு."

"ஓகோ. படிப்புக்கும் பண்ணயமுங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "பாத்தீங்களா மாப்ள, புள்ள படிக்கறதுக்கு முன்னாலயே ஆத்தாளுக்கு வாய் நீளுது. படிச்சு முடிச்சா நாமதான் ஊரக் காலி பண்ணோணும்!" என்றார் மாமா.

கருப்பன் அவசரமாகத் துண்டை விரித்தான். "அவ கெடக்கறாளுங்க. நீங்க போடுங்க பண்ணாடி."

வெற்றிலை விழுந்தது. "துண்ட விரிச்சது அவருங்க. புள்ள எனக்குந்தானுங்க புள்ள" என்று வேலாயி சொன்னது உங்களுக்குக் கேட்டதோ என்னவோ, எனக்குக் கேட்டது.

ஆனியில் அவள் அங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே போனாள். மானியத்துக்குப் பயந்து சேர்த்துக்கொண்டார்கள். கதவோரம் உட்கார வைத்தார்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கியோ படிச்சாச் செரி" என்றீர்கள். அன்று உங்களை நம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

நம்பக் காரணம் இல்லாமலும் இல்லை. "பொட்டப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு?" என்று பங்காளிகள் கேலி செய்தபோது, சேலத்திலிருந்து எனக்குப் புத்தகம் வாங்கிவந்தவர் நீங்கள். வண்டியில் தூசி படாமல் வேட்டியில் சுற்றிக் கொண்டுவருவீர்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு சேலத்துப் பள்ளிக்குப் போகிறேன் என்றேன். "எஞ்சாமி எதுக்கு அலையோணும்? படிப்பு ஊட்டுக்கே வரும்" என்று வாத்தியாரை வரவழைத்தீர்கள். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. சேலத்து வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

மாட்டுச் சந்தைக் கதைகளைச் சொல்லும்போது, "பல்லப் புடிச்சுப் பாத்தாப் பத்தாது சாமி, விக்கறவன் மூஞ்சியப் பாக்கோணும்" என்பீர்கள். அந்தப் பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. யாராவது எதையாவது வாசல் வரை கொண்டுவந்து கொடுத்தால், கொடுப்பவர் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். உங்கள் முகத்தில் கடைசிவரை எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

அந்த ஆனிக்கு அடுத்து வந்த தையில், கிணற்றில் தண்ணீர் இல்லை, ஆள் தேவைப்படாது என்று கருப்பனைத் திருப்பி அனுப்பினீர்கள். அவர்கள் அயோத்தியாப்பட்டணம் பக்கம் பிழைக்கப் போனார்கள். அங்கம்மாளின் படிப்பு முதல் வகுப்பிலேயே நின்றது. மாசியில் அதே வேலைக்கு வேறு ஆள் வைத்தீர்கள்.